தணல் சுடாததற்குக் காரணம் சொல்லி முடித்த பிறகு

இலங்கையின் கிழக்கில் அம்மன் சடங்குக் காலம் பிறந்தால் ஒரு வாதமும் கூடவே பிறந்துவிடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பதிலிருந்து புரட்டாதியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மனின் தீப்பள்ளயம் என்ற தீ மிதிப்புச் சடங்கு முடியும்வரை தேத்தண்ணிக் கடையிலும் ஆசிரியர் அறையிலும் அது ஓயாது. ஒருவர், "நெருப்புல நடந்தும் கால் சுடல்ல எண்டா அது அம்மாள்ர சத்தி இல்லாம வேற என்னகா?" என்பார். மற்றவர், அனேகமாக விஞ்ஞானம் படிப்பிப்பவர் அல்லது பழைய இடதுசாரி, "கரி சூட்டைக் கடத்தாதுகா, நீயும் நடக்கலாம், நானும் நடக்கலாம்" என்பார். இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருடம் அதே கதை.

இரண்டாமவர் சொல்வது சரி. நானும் அவர் பக்கம்தான். கடவுள் இல்லை என்பதில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. உறுத்துவது வேறொன்று. அவருடைய விளக்கம் இந்த நாட்டில் அச்சிலும் மேடையிலும் வரத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும் விளக்கம் அது. ஆனாலும் குழியில் இறங்கியவர்களில் எவரும் அதைக் கேட்டுவிட்டு ஏறிப்போனதாகத் தெரியவில்லை. பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் "சனத்துக்குப் படிப்பில்லை" என்பது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர், பல்கலைக்கழக மாணவர் எல்லாரும் மஞ்சள் பூசி நிற்கிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளே லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர். 1924இல் துறவு பூண்டார். பௌதிகம் தெரிந்தால் பக்தி போய்விடும் என்ற கணக்கை அவர் நூறு வருடத்துக்கு முன்பே பொய்யாக்கிவிட்டார்.

ஆகவே முதலில் அந்தச் சரியான விளக்கத்தை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அது எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அதற்கப்பால் என்ன கிடக்கிறது என்று பார்க்கலாம்.

குழிக்குள் நடப்பது

தீக்குழிக்கு எரிப்பது கெட்டி மரம். மென்மரம் சுவாலையாக எரிந்து சாம்பலாகிவிடும். கெட்டி மரம் தணலாகி நிற்கும். மணிக்கணக்காக எரியவிட்டு, சுவாலை அடங்கியதும் நீண்ட கம்புகளால் கட்டைகளை உடைத்துத் தட்டிப் பரப்புவார்கள். எரியாத கட்டை எதுவும் கிடக்கக்கூடாது. தணல் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். செந்தணலின் சூடு 500 பாகை செல்சியசைத் தாண்டும். கேட்டவுடன் பயம் தருவது இந்த எண்தான். ஆனால் காலைச் சுடுவது எண் அல்ல, காலுக்குள் போகும் வெப்பத்தின் அளவு. பாண் போறணைக்குள் கையை விட்டால் உள்ளே இருக்கும் காற்று கையைப் பொசுக்காது. அதே சூட்டில் இருக்கும் தகரத்தில் விரல் பட்டால் தோல் உரிந்துவிடும். தணல் காற்றைப் போன்றது: பாரமில்லை, துளை நிறைந்தது, வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். பாதம் பெரும்பாலும் தண்ணீர், வெப்பத்தை நிறைய உள்வாங்கும். இரண்டு பொருள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எந்தச் சூடு உண்டாகும் என்பதை அவற்றின் அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு, கடத்துதிறன் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக் கணிக்கலாம். 550 பாகைத் தணலுக்குத் தோராயமாக அப்படிக் கணித்தால் தொடும் இடத்தில் வருவது 90 பாகையை ஒட்டி. அதே சூட்டில் இரும்புத் தகடு இருந்தால் 500ஐ ஒட்டி. இரும்புத் தகட்டில் யாரும் நேர்த்தி வைப்பதில்லை.

90 பாகையும் குறைந்த சூடு இல்லை; கொதிநீருக்குச் சற்றுக் கீழே. மிச்சத்தைச் செய்வது நேரம். ஒரு பாதம் தணலில் பதிந்திருப்பது அரைச் செக்கன், அதற்கும் குறைவு. பதினைந்து அடிக் குழியைக் கடக்க ஆறு தடவை எட்டி வைத்தால் போதும். காலுக்கு மூன்று தொடுகை. உள்ளங்காலின் தடித்த தோல் தாண்டி உயிருள்ள தோலை வெப்பம் சென்றடைவதற்குள் கால் எழும்பிவிடுகிறது. முன்னே போனவரின் கால் பட்ட தணல் கறுத்திருக்கும், அதன் மேல் சாம்பல் படிந்திருக்கும்; பின்னே வருகிறவருக்கு இன்னும் கொஞ்சம் இலகு.

கடலில் நீராடி ஈர உடுப்போடு வருவதால்தான் சுடுவதில்லை, கால் ஈரம் ஆவியாகிப் பாதுகாக்கிறது என்றொரு விளக்கத்தையும் பகுத்தறிவாளர் சிலர் சொல்வதுண்டு. அது பலமான விளக்கம் இல்லை. ஈரக் காலில் சிறு தணல் ஒட்டிக்கொண்டு அடுத்த எட்டுக்கும் கூடவே வரும். அரைச் செக்கன் தொடுகை அப்போது மூன்று செக்கனாகிவிடும். காயம் வருவது அனேகமாக இப்படியான சில்லறைக் காரணங்களால்: மரத்தில் இருந்த ஆணி, எரியாமல் கிடந்த கணு, பிசின் கசியும் கட்டை, தணல் ஆழமாகக் கிடந்து கால் புதைவது. புதைந்தால் உள்ளங்காலோடு நிற்காது. விரலிடுக்கும் பாதத்தின் வளைவும் புறங்காலும் படும், அங்கே தோல் மெல்லிது. பயத்தில் ஓடுகிறவர் முன்னங்காலால் தணலைக் கிளறிக்கொண்டு போவார்; நிதானமாக, முழுப் பாதம் வைத்து நடப்பவருக்குச் சேதம் குறைவு. முன்னால் போகிறவர் தடுக்கினால் பின்னால் வருகிறவர் நிற்கவேண்டி வரும். அதுதான் பெரிய ஆபத்து.

இதோடு இன்று சேர்ந்திருக்கும் புதிய ஆபத்து நீரிழிவு. வருடக்கணக்காகச் சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் செத்திருக்கும். தணல் ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தப் புண் ஆறாது. கோயில் வாசலில் பகுத்தறிவாளர் ஒரு வசனம்தான் பேசலாம் என்றால் "கரி கடத்தாது" என்பதை விட்டுவிட்டு "சீனி இருக்கிறவர்கள் இறங்க வேண்டாம், சுட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காலைப் பிடியுங்கள், மஞ்சளும் பற்பசையும் பூசாதீர்கள்" என்று சொல்வது மேல்.

ஒரு லட்சம் ரூபாவும் அரை நிமிடமும்

இந்த விளக்கத்தை இலங்கையில் ஊரறியச் செய்தவர்களில் இருவர் முக்கியம். ஒருவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, பின்பு கொழும்பில் வாழ்ந்து 1978இல் இறந்தவர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் முகம். மற்றவர் உடலியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகா. தீ மிதிப்பை ஆராய்ந்து 1971இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். தணலின் சூடு, தொடும் நேரம், எட்டுக்களின் தொகை, செருப்பில்லாமல் நடந்து பழகிய காலின் தடிப்பு ஆகியவற்றால் நடப்பதை விளக்கிவிடலாம், விரதமும் மந்திரமும் தேவையில்லை என்பது அதன் சாரம்.

கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாச் சவால் விட்டார். மூடிய உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படிப்பது, வெட்டுண்ட அவயவத்தை ஓர் அங்குலமாவது வளரவைப்பது என்று நீண்ட பட்டியல். அதில் ஒன்று எரிதணலில் அரை நிமிடம், கால் கொப்பளிக்காமல், அசையாமல் நிற்பது. அந்தக் காலத்தில் ஒரு லட்சம் ரூபா சாதாரணக் காசில்லை. அவர் சாகும்வரை ஒருவரும் வெல்லவில்லை.

என் கருத்து இடறியது இந்த அரை நிமிடத்தில்தான். பௌதிகப்படி பார்த்தால் மிகக் கூர்மையான கேள்வி. நடப்பதற்கும் நிற்பதற்கும் இடையில்தான் முழு இரகசியமும் இருக்கிறது. அருள் உண்மையென்றால் ஆறு எட்டுக்கு மட்டும் ஏன் அளந்து கொடுக்கப்படுகிறது? ஆனால் பாண்டிருப்பிலோ வேறெந்த அம்மன் கோயிலிலோ குழிக்கரையில் நிற்பவரிடம் இதைக் கேட்டால் அவர் விழிப்பார். நிற்பேன் என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. தணல் குளிர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. "மகனுக்கு வருத்தம் மாறினா தீ மிதிக்கிறன்" என்று சொன்னார், மாறியது, மிதிக்கிறார். அவர் செய்வது ஒரு கடன் தீர்ப்பு. கோவூரின் சவால் அதை ஒரு பௌதிகக் கூற்றாக எடுத்துக்கொண்டு பரிசோதிக்கிறது. சாமியார்களுக்கும் சோதிடர்களுக்கும் அது பொருத்தமான பரிசோதனை. அவர்கள் சக்தி இருக்கிறதென்று காசு வாங்குகிறவர்கள். ஊர்க் கோயிலில் கடன் தீர்க்க வந்த பெண்ணுக்கு அந்தச் சவால் தன்னைக் கேட்டதாகவே படாது.

நம்புகிறவர் நெருப்பைப் பற்றிப் பிழையாகக் கருதுகிறார், பிழையைத் திருத்தினால் நம்பிக்கை போகும் என்பது பகுத்தறிவு இயக்கத்தின் அடிப்படை எதிர்பார்ப்பாக இருந்து வந்திருக்கிறது. நம்பிக்கை அங்கே குடியிருக்கவே இல்லை என்றால் திருத்தம் எங்கே போய்ச் சேரும்?

இதைச் சொல்லும்போது மற்றப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. கால் சுட்டவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு மோசமானது. "விரதத்தில் பிழை", "தீட்டு", "மனதில் சுத்தமில்லை." நடந்தால் அம்மாளின் பெருமை, சுட்டால் ஆளின் குற்றம், எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத கணக்கு. காயப்பட்டவர் வெளியே சொல்லமாட்டார், ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போவார். பெண்ணென்றால் சந்தேகம் இன்னும் கூட. நாத்திகருக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. தணலின் கடத்துதிறனை விட்டுவிட்டு இதைப் பேசலாம்.

கதவு திறந்திருந்த ஒரே இடம்

நேர்த்தி எங்கே கூடுகிறது என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மட்டக்களப்பில் அம்மன் கோயில் சடங்குகளும் தீ மிதிப்பும் பெருகின. அந்தக் காலத்தில் இங்கே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். உரு வந்து கட்டு, அதாவது குறி, சொல்லும் தெய்வக்காரரிடம் தாய்மார் கேட்டவை: பிள்ளை உயிரோடு இருக்கிறானா, எந்தத் திசையில், சாப்பிடுகிறானா.

அந்தக் கேள்விகளை வேறு யாரிடம் கேட்பது? 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைப் படையினர் பிரித்துக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. முகாமில் கேட்டால் பிடிக்கவில்லை என்பார்கள், பொலிசில் பதிவில்லை, ஆணைக்குழுக்கள் பின்னால் வந்தன, போயின. காணாமல் போனோருக்கென்று ஓர் அலுவலகம் சட்டமானது 2016இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, ஊர் கூடி நின்று கேட்கும்படி அழுவதற்கு ஆபத்தில்லாத இடம் கோயில் வாசல்தான். அங்கே ஆமிக்காரனும் குறுக்கிடமாட்டான், ஆயுத இயக்கக்காரனும் குறுக்கிடமாட்டான். தெய்வக்காரர் சொன்ன பதில் உண்மையா என்பது நம்மைப் போன்றவர்களின் கேள்வி. பதில் சொல்ல ஒருவர் இருந்தார் என்பது அந்தத் தாயின் விஷயம்.

எந்தத் தெய்வம் என்பதையும் பார்க்க வேண்டும். உலகில் இவ்வளவு கொடுமை இருக்கும்போது எல்லாம் வல்ல, முழு அன்பான கடவுள் எப்படி இருக்கமுடியும் என்பது நாத்திகத்தின் பலமான வாதம். 2004 டிசெம்பர் 26 கல்முனை, கல்லாறு, நாவலடிக் கரைகளைக் கடல் அள்ளியபோதும், 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்டபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் அதற்கு ஒரு கனம் உண்டு, போதகர்களும் மௌலவிமாரும் பதில் தேடுகிறார்கள். அம்மன் கோயிலில் அது அவ்வளவாக ஒட்டாது. அங்கே இருப்பவள் முழு அன்பானவள் என்று எவரும் சொன்னதில்லை. கிழக்கின் கண்ணகி, விசாரணை இல்லாமல் கணவனைக் கொன்ற அரசனிடம் போய் வழக்குரைத்து, ஊரை எரித்து, இன்னும் சூடு தணியாமல் வந்தவள். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் அவள் கதையான வழக்குரையைப் படித்து, சூடு தணிக்கும் குளிர்த்திச் சடங்கை அவளுக்குச் செய்கிறார்கள். அரசு செய்த அநியாயத்துக்கு நியாயம் கேட்ட ஒரு பெண், காணாமல் போனவர்களின் தாய்மாருக்கு அருகில் வருவதற்குத் தத்துவ விளக்கம் தேவையில்லை.

குளிர்த்தி அம்மை நோயோடு சேர்ந்த சடங்கும்கூட. வெயில் உச்சத்தில் வரும் பெரியம்மையைத் தணிக்கத்தான் அம்மாளைக் குளிர்விக்கிறோம் என்பார்கள். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. குளிர்த்தி நிற்கவில்லை. நோய்ப் பயம்தான் தெய்வத்தை உண்டாக்கியது என்ற பழைய சூத்திரம் தொடக்கத்தைச் சொல்லக்கூடும், தொடர்ச்சியைச் சொல்லாது.

களவெட்டியில் செத்துப்போனது

எல்லாச் சடங்கும் இப்படி நிலைத்ததா என்றால் இல்லை. வேளாண்மைக் களவெட்டியை, அதாவது நெல் பிரிக்கும் களத்தைப் பாருங்கள். மாடு விட்டுச் சூடு (கதிர்ப்போர்) மிதித்த காலத்தில் களவெட்டிக்கென்றே ஓர் ஒழுக்கம் இருந்தது. சாதாரணப் பேச்சில் வரும் சில சொற்களை அங்கே பேசக்கூடாது, நெல்லைப் பூதம் கொண்டுபோகாமல் காப்புச் செய்யவேண்டும், பொலி பாடவேண்டும், செருப்போடு ஏறக்கூடாது. இன்று வெட்டு மெசின் வயல் வட்டைக்குள் இறங்கி ஒரே ஓட்டத்தில் வெட்டி, அடித்து, தூற்றி மூடையில் கொட்டிவிடுகிறது. களவெட்டியே இல்லை. பூதமும் இல்லை. இதற்கெதிராக எந்தப் பகுத்தறிவாளரும் ஒரு துண்டுப் பிரசுரம்கூடப் போட்டதில்லை.

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக்கின் திரோபிரியண்ட் தீவுகளில் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வரும். அங்கே உள்வாவியில் மீன் பிடிப்பது இலகு, ஆபத்தில்லை, மீன் நிச்சயம்; அதற்கு மந்திரம் கிடையாது. திறந்த கடலில் ஆபத்து, கிடைக்குமா என்பதும் தெரியாது. அதற்கு நீண்ட மந்திரச் சடங்கு. 1925இல் அவர் எழுதிய இதை மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் அப்படியே பொருத்திவிடலாம் என்று ஆசை வரும். அவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது, வாவிக்காரரும் நேர்த்தி வைக்கிறார்கள். ஆனால் திசை சரி. கைக்குள் அடங்கும் வேலையைவிட்டுத் தெய்வம் மெல்ல விலகும். அடங்காத இடத்தில் வந்து குந்தும். களவெட்டியை விட்டுப் போன தெய்வம் இன்று ஆள் அனுப்பும் ஏஜென்சி வாசலிலும், சாதாரண தரப் பெறுபேறு வரும் இரவிலும், டயலிசிஸ் அறையிலும் இருக்கிறது. மாடு மிதித்த காலத்தில் இருந்த அளவுக்கு வாழ்க்கை நிச்சயமில்லாமல்தான் கிடக்கிறது, நிச்சயமின்மை இருக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாடுகளை ஒப்பிட்டாலும் இதே சாய்வு தெரியும். கலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2009இல் 114 நாடுகளில் "மதம் உங்கள் அன்றாட வாழ்வில் முக்கியமா?" என்று கேட்டது. மிக வறிய நாடுகளில் நடுமதிப்பாக 95 வீதம் ஆம் என்றனர். மிகச் செல்வமான நாடுகளில் 47. இலங்கையில் 99. முதியோர் ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு, நம்பத்தக்க நீதிமன்றம் உள்ள நாடுகளில் கோயில் தானாகவே காலியாகிறது. அமெரிக்கா மட்டும் செல்வமிருந்தும் பக்தியாக இருக்கிறது. அங்கே நோய் வந்தால் வீடு போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். மூளை இயல்பாகவே அசைவைக் கண்டால் ஆளைத் தேடும், பற்றை ஆடினால் பேயைக் காணும் என்று அறிதல் விஞ்ஞானிகள் சொல்வது உண்மையாக இருக்கலாம். எல்லா மனிதருக்கும் பொதுவான ஒன்று சுவீடனில் ஏன் தேய்கிறது, மட்டக்களப்புச் சித்தாண்டியில் ஏன் தேயவில்லை என்பதற்கு அது விடை ஆகாது.

கம்பிக்கு வெளியே நிற்பவர்

ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்றிக்கே என்றொரு சிற்றூர். அங்கேயும் வருடத்துக்கொருமுறை தீ மிதிக்கிறார்கள். ஆய்வாளர்கள் மிதித்த 12 பேருக்கும், பார்த்துக்கொண்டிருந்த உறவினர் 9 பேருக்கும், சம்பந்தமில்லாத பார்வையாளர் 17 பேருக்கும் இதயத்துடிப்பு அளவி பூட்டிப் பார்த்தார்கள். மிதிப்பவரின் துடிப்பும் உறவினரின் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. வெளியார் துடிப்பு சேரவில்லை. 2011இல் வெளியான முடிவு இது. கம்பிக்கு வெளியே முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கும் தாயைப் பார்த்தவர்களுக்கு அளவி தேவைப்படாது. ஆனாலும் அளந்து வைத்திருப்பது நல்லது. கரியின் கடத்துதிறன் போலவே இதுவும் பௌதிகம்தான். குழியில் நடப்பதில் பாதியை இது விளக்குகிறது.

மற்றப் பாதி செலவு. இலவசமாகச் சொல்லும் வாக்கை எவரும் நம்பமாட்டார்கள். பதினெட்டு நாள் சடங்கில் விரதமிருந்து, கோயிலில் படுத்து, கடைசியில் எல்லோர் முன்னாலும் தணலில் இறங்கும் ஒருவரை அந்த ஊர் கடன் கொடுக்க, சம்பந்தம் பேச, சீட்டுப் பிடிக்க நம்பும். ரிச்சர்ட் சோசிஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளின் ஆயுளை ஒப்பிட்டார். எந்த ஒரு வருடத்தை எடுத்தாலும், மதம் சாராதவை கலைந்துபோகும் வாய்ப்பு மதம் சார்ந்தவற்றைவிட நான்கு மடங்கு. பின்னர் செய்த ஆய்வில், உறுப்பினரிடம் கடும் விரதங்களைக் கேட்ட மதக் குழுக்கள் கூட நாள் நின்றன. மதம் சாராக் குழுக்களில் அதே கட்டுப்பாடுகள் ஆயுளைக் கூட்டவில்லை. தாடி வளர்க்காதே, இறைச்சி தின்னாதே என்று சங்கத் தலைவர் சொன்னால் ஏனென்று கேட்பார்கள். அம்மாள் சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை. எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் மறுக்க வலுவான காரணம் கிடைக்கவும் இல்லை.

இதன் மேல் எங்கள் பக்கத்துக் குடிமுறை வேறு. மட்டக்களப்பில் ஒருவர் எந்தக் குடி, அதாவது எந்த வம்சக் குழு, என்பது தாய் வழி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்பதெல்லாம் அதில் தொங்குகிறது. முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடியும், குடி வழியே பள்ளிவாசலை நிர்வகிக்க மரைக்காயர் வருவதும் இருந்தன. ஆகவே கோயிலை விடுவதென்பது ஒரு கருத்தை விடுவதோடு முடியாது. ஊர்க் கணக்கில் தன் பெயர் எழுதியிருக்கும் பக்கத்தைக் கிழிப்பது அது.

நம்பாதவர் எப்படி வாழ்கிறார்

சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது. நடைமுறையில் படிவங்கள்தான் தடுக்கும். 2012 குடிசனக் கணக்கெடுப்பு அட்டவணையில் பௌத்தம், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம், ஏனையவை என்று இருக்கும். மதமில்லை என்றொரு நிரல் இல்லை. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். நாத்திகரின் பிள்ளையும் சைவநெறியோ கிறிஸ்தவமோ இஸ்லாமோ ஒன்றைத் தெரிந்தெடுத்து எழுதவேண்டும். பெரும்பாலோர் சைவநெறியை எழுதவைத்து நல்ல பெறுபேற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள், தேவாரம் பாடமாக்கிய தமிழ் லாபம் என்ற சமாதானத்தோடு.

கலியாணம் இலகு. 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளர் முன் கையெழுத்திட்டால் போதும், ஐயரும் தாலியும் சட்டத்துக்குத் தேவையில்லை. இருவரும் முஸ்லிம்களாயின் அச்சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனிச் சட்டம். மருதமுனையிலோ காத்தான்குடியிலோ நம்பாத ஒருவர் அதை வெளியே சொல்வதற்குக் கொடுக்கும் விலை, மட்டக்களப்பு நகரில் ஒரு சைவக் குடும்பத்து நாத்திகர் கொடுப்பதோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. சைவக் குடும்பத்தில் நாத்திகம் கொஞ்சம் வடிவான கிறுக்காகக் கழிந்துவிடும். "அவர் கும்பிட மாட்டார், ஆனா நல்ல மனுசன்" என்று மனைவியே சொல்லிவிட்டுப் பொங்கல் பானையை ஏற்றுவார்.

வாழ்வின் அர்த்தம் என்ற பெரிய கேள்வியில் நாத்திகருக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. தோட்டம், பிள்ளை, புத்தகம், அரசியல், வாவிக்கரைக் காற்று என்று எல்லாருக்கும் இருப்பது அவருக்கும் இருக்கிறது. மறுமையில்லை என்பதால் கசப்பாக அலைவதில்லை. கஷ்டம் வருவது செத்த வீட்டில். அங்கே அழுகை நிற்கும் இடைவெளியில் யாராவது ஏதாவது செய்யவேண்டும். பறைமேளம், வாய்க்கரிசி, கொள்ளிக்குடம், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என்று மதம் அந்த நாட்களுக்கு வேலை கொடுத்து வைத்திருக்கிறது. நம்பாதவரிடம் அதற்கு மாற்றாக இருப்பது இரங்கல் உரை, அதுவும் அனேகமாக நீளம். ஊர் மரண உதவிச் சங்கம் பந்தலும் கதிரையும் தரும். அதற்குக் கடவுள் தேவையில்லை. நாத்திகர்கள் பலர் அந்தச் சங்கத்தில் பொருளாளராக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சடங்கே வேண்டாம் என்பவருக்கு உடல்தானம் ஒரு வழி. கோவூர் தன் கண்களையும் உடலையும் கொடுத்து, எலும்புக்கூட்டைத் தான் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு எழுதி வைத்தார். கண்தானம் இந்த நாட்டில் வேரூன்றியது பௌத்தர்களின் தான தர்ம நம்பிக்கையால்தான் என்பதையும் நாத்திகர்கள் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். உடல்தானத்துக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது படிவம் நிரப்பிச் சாட்சியோடு ஒப்பமிட்டு வைக்கவேண்டும், அதன் பிரதி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கவேண்டும். பிரேத பரிசோதனை செய்த உடலையும் தொற்றுநோயால் இறந்தவரின் உடலையும் உடற்கூற்றியல் துறைகள் வழக்கமாக ஏற்பதில்லை, ஆகவே இரண்டாவது ஏற்பாடும் எழுதி வைப்பது நல்லது. கண் என்றால் சில மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் குலைவது ஒரே இடத்தில்தான்: செத்தவர் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை, உறவினர் மறுத்தால் எந்தப் பீடமும் சண்டை பிடித்து உடலை வாங்காது. ஆகவே படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முதல் மூத்த அக்காவோடும் மருமகனோடும் பேசி முடிக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் ஒரு நிபந்தனை வைப்பார்கள்: வீட்டில் ஐயரைக் கூப்பிட்டுக் கிரியையை முடித்துவிட்டுத்தான் உடலைக் கொடுப்போம் என்று. சட்டத்தில் அதற்குத் தடையில்லை, பீடமும் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.